வேலைவாய்ப்பு மையத்தை முழுசாகப் பயன்படுத்துவது எப்படி? மேஜைக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு வழிகாட்டி

பல்கலைக்கழக வேலைவாய்ப்பு மையம் பற்றி மாணவர்களிடம் இரண்டு எண்ணங்கள் உண்டு. கடைசி ஆண்டில் போய்ப் பெயர் கொடுத்தால் வேலை வாங்கித் தந்துவிடுவார்கள் என்பது ஒன்று. அங்கே போய் ஒரு பிரயோஜனமும் இல்லை என்பது இன்னொன்று. பெரும்பாலும் இரண்டும் ஒரே ஆளுடைய எண்ணங்கள்தான். நடுவில் ஆறு மாத இடைவெளி இருக்கும், அவ்வளவுதான்.

அப்படிப்பட்ட ஒரு மையத்தில் சில ஆண்டுகள் வேலை பார்த்திருக்கிறேன். அங்கே உட்கார்ந்து பார்த்தபோது ஒரு விஷயம் தெளிவாகத் தெரிந்தது. மையத்திலிருந்து மாணவர்களுக்கு இரண்டு வகையில் உதவி போகிறது. எல்லோருக்கும் ஒரே நேரத்தில் போகும் மின்னஞ்சல் ஒரு வகை. 'நீங்கள் கேட்ட மாதிரி ஒருவர் எங்களிடம் இருக்கிறார், பேசிப் பார்க்கிறீர்களா?' என்று ஒரு நிறுவனத்துக்குப் போகும் தொலைபேசி அழைப்பு இன்னொரு வகை. முதலாவது, மையத்தின் இணையப் போர்ட்டலில் பதிவு செய்த எல்லோருக்கும் கிடைக்கும். இரண்டாவது கிடைக்க வேண்டுமானால், மையத்தில் இருப்பவருக்கு உங்கள் முகமும் உங்கள் விருப்பமும் நினைவில் இருக்க வேண்டும். இந்த வழிகாட்டியில் வரும் படிகள் பெரும்பாலும் அந்த இரண்டாவது வகையைக் குறிவைத்தவை.

உள்ளே என்னதான் நடக்கிறது

இது புது ஏற்பாடு இல்லை. பட்டதாரிகளுக்கு வேலை தேட உதவ ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகம் 1892-லேயே ஒரு குழுவை அமைத்தது. படிக்கும்போதே வேலை என்ற முறையை 1906-இல் சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில் ஹெர்மன் ஷ்னைடர் தொடங்கினார். பொறியியலில் சிலவற்றை வகுப்பறையில் கற்றுத்தர முடியாது, தொழிற்சாலையில்தான் கற்க முடியும் என்பது அவர் வாதம். முதலில் சேர்ந்தவர்கள் 27 மாணவர்கள். ஒரு வாரம் வகுப்பு, மறு வாரம் தொழிற்சாலை. இன்று 'கோ-ஆப்' என்று சொல்கிறோமே, அது அங்கிருந்து வந்ததுதான். கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகம் 1957-இல் தொடங்கியபோதே இந்த முறையோடுதான் தொடங்கியது.

பிளேஸ்மென்ட் செல், கேரியர் சென்டர் என்று பெயர் எதுவாக இருந்தாலும் உள்ளே இரண்டு வேலைகள் நடக்கும். மாணவர்களோடு உட்கார்ந்து பேசுவது ஒரு வேலை. நிறுவனங்களோடு உறவு வைத்துக்கொள்வது மற்றொன்று. பெரிய மையங்களில் இவை இரண்டு தனிக் குழுக்கள். சிறிய இடத்தில் ஒரே ஆள் இரண்டையும் இழுத்துக்கொண்டு ஓடுவார். உங்கள் பல்கலைக்கழகத்தில் எது எப்படி என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். ரெஸ்யூமே பார்ப்பவரிடம் போய் 'அந்த நிறுவனம் இந்த வருஷம் வருமா?' என்று கேட்டால் அவருக்குத் தெரியாது. தெரிந்தவர் பக்கத்து அறையில் இருப்பார்.

ஒரு நிறுவனம் ஆள் எடுக்க நினைத்தால், என்ன வேலை, எந்தப் படிப்பு, எத்தனை பேர், எப்போது சேர வேண்டும், எத்தனை சுற்று என்று மையத்துக்கு எழுதும். நிறுவனம் உண்மையானதா, வேலை விவரம் நியாயமானதா என்று மையம் பார்க்கும். பிறகு போர்ட்டலில் ஏற்றும். விண்ணப்பங்கள் சேர்ந்ததும் பட்டியல் நிறுவனத்துக்குப் போகும், தேதிகள் முடிவாகும். கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் அந்த நிறுவனம் அடுத்த வருஷமும் வர வேண்டும் என்ற கவலைதான் மையத்தின் எல்லா விதிகளுக்கும் அடியில் இருக்கிறது. இன்டர்வியூவுக்குப் பெயர் கொடுத்துவிட்டு வராமல் போனால் ஏன் அவ்வளவு கோபப்படுகிறார்கள், ஒரு ஆஃபரை ஒப்புக்கொண்டபின் மற்றவற்றுக்கு விண்ணப்பிக்க ஏன் விடுவதில்லை என்பதெல்லாம் இதைத் தெரிந்துகொண்டால் புரியும். உங்களுக்கு அது ஒரு நாள் சோம்பல். அவர்களுக்கு அது இரண்டு வருஷம் பேசிப் பேசி வரவழைத்த நிறுவனம்.

படி 1: முதலாண்டிலேயே பதிவு, அதுவும் சரியான பதிவு

போர்ட்டலில் கணக்குத் திறப்பது பத்து நிமிட வேலை. அதைப் பத்து நிமிட வேலையாகச் செய்துவிடுவதுதான் சிக்கல். நிறுவனங்கள் படிப்பு, பட்டம் முடிக்கும் ஆண்டு, மதிப்பெண், வேலை செய்யும் தகுதி ஆகியவற்றை வடிகட்டியாக வைக்கும். ஒரு கட்டம் தவறாக இருந்தால் நீங்கள் அந்தப் பட்டியலிலேயே வரமாட்டீர்கள், யாரும் உங்களை நிராகரித்ததாகக்கூடத் தெரியாது. ஒரு மாணவி ஒரு முழு செமஸ்டர் 'எனக்கு எந்த அறிவிப்பும் வரவில்லை' என்று சொல்லிக்கொண்டிருந்தார். கடைசியில் பார்த்தால், பட்டம் முடிக்கும் ஆண்டு என்ற இடத்தில் படிப்பில் சேர்ந்த ஆண்டைப் போட்டிருந்தார்.

ஆர்வமுள்ள துறைகள் என்ற பகுதியில் எல்லாவற்றையும் டிக் செய்துவிட வேண்டாம். தினம் பதினைந்து அறிவிப்பு வரும், ஒரு வாரத்தில் படிப்பதை நிறுத்திவிடுவீர்கள். மூன்று போதும். ஒவ்வொரு செமஸ்டர் தொடக்கத்திலும் திறந்து மதிப்பெண்ணையும் பாடங்களையும் புதுப்பியுங்கள்.

படி 2: முதல் சந்திப்பு

'ஏதாவது வேலை இருந்தா சொல்லுங்க' என்று வருபவருக்கு உதவுவது மிகவும் கடினம். ஆலோசகர் எதை நினைவில் வைத்துக்கொள்வார்? 'தரவு பகுப்பாய்வு பிடித்திருக்கிறது, அதை மருத்துவத் துறையில் செய்ய முடியுமா என்று பார்க்கிறேன், ஆனால் எனக்கு உயிரியல் தெரியாது' என்று வருபவரை மறக்கவே முடியாது. குழப்பமாக இருந்தாலும் பரவாயில்லை, அது உங்களுடைய குறிப்பான குழப்பமாக இருக்கட்டும்.

போகும் முன் ஒரு தாளில் மூன்று விஷயங்களை எழுதுங்கள். இதுவரை செய்தவற்றில் நேரம் போனதே தெரியாமல் செய்த வேலைகள் எவை? பணம் கொடுத்தாலும் மறுபடி செய்ய விரும்பாதவை எவை? எந்த இரண்டு மூன்று வேலைகளைப் பற்றி விசாரிக்க ஆசை? இந்தத் தாளோடு போனால் அரை மணி நேரச் சந்திப்பில் முதல் பதினைந்து நிமிடம் மிச்சமாகும்.

சில மையங்களில் ஆர்வத் தேர்வு ஒன்று எழுதச் சொல்வார்கள். உளவியலாளர் ஜான் ஹாலந்து 1959-இல் முன்வைத்த கோட்பாட்டிலிருந்து வந்தவை இவற்றில் பல. கையால் செய்வதில் நாட்டம், ஆராய்வதில் நாட்டம், கலை, பிறருக்கு உதவுவது, முன்னின்று நடத்துவது, ஒழுங்குபடுத்துவது என்று ஆறு வகை நாட்டங்கள். உங்களிடம் ஓங்கி நிற்கும் இரண்டு மூன்றை எடுத்துக்காட்டும். எழுதுங்கள், தவறில்லை. ஆனால் முடிவைத் தலையெழுத்து மாதிரி எடுத்துக்கொள்ள வேண்டாம். என் அனுபவத்தில், தேர்வின் முடிவை மறுத்துப் பேசும்போதுதான் மாணவர்கள் தங்களைப் பற்றி உண்மையாகப் பேச ஆரம்பிக்கிறார்கள். அதற்காகவே அதை எழுதலாம்.

சந்திப்பு முடியும்போது அடுத்த சந்திப்பின் தேதியையும் அதற்குள் நீங்கள் செய்யப்போகும் ஒரு வேலையையும் சொல்லிவிட்டு வாருங்கள். சொன்னதைச் செய்துவிட்டு மறுபடி போங்கள். இப்படி இரண்டு முறை வருபவர்கள் மிகக் குறைவு. அவர்கள் பெயர்தான் தொலைபேசியை எடுக்கும்போது ஞாபகத்துக்கு வரும்.

படி 3: ரெஸ்யூமே

மாணவர்கள் மையத்தைத் தேடி வருவதே இதற்காகத்தான், அதுவும் விண்ணப்பத்தின் கடைசி நாளன்று. அன்று எழுத்துப்பிழை திருத்தத்தான் நேரம் இருக்கும்.

மாணவருக்கு ஒரு பக்கம் போதும். படிப்பு, திட்டப்பணிகள், வேலை அனுபவம், திறன்கள். பிறந்த தேதி, பெற்றோர் பெயர், பொழுதுபோக்கு, 'மேற்கூறியவை உண்மை என உறுதியளிக்கிறேன்' என்ற வரி, இவை கேட்டால் ஒழிய வேண்டியதில்லை. முகப்பில் போடும் 'சவாலான சூழலில் என் திறமைகளை வளர்த்துக்கொள்ள' வகை நோக்க வாக்கியத்தையும் எடுத்துவிடலாம். எல்லா ரெஸ்யூமேயிலும் அது ஒன்றுபோலத்தான் இருக்கிறது.

கவனம் செலுத்த வேண்டிய இடம் அனுபவத்தை விவரிக்கும் வரிகள். 'நிகழ்ச்சி ஏற்பாட்டுக் குழுவில் இருந்தேன்' என்று ஒரு வரி. அதை எழுதியவரிடம் கேட்டேன்: அங்கே என்ன செய்தாய்? பதிவைக் கவனித்தேன். எப்படி? காகிதப் படிவத்தை விட்டுவிட்டு இணையப் படிவம் வைத்தோம். அதனால் என்ன ஆயிற்று? வாசலில் கூட்டம் நிற்கவில்லை. எத்தனை பேர் வந்தார்கள்? 400 பேர். இப்போது வரி இப்படி ஆனது: '400 பேர் கலந்துகொண்ட நிகழ்ச்சிக்கு இணையப் பதிவு முறையை அமைத்து, நுழைவாயிலில் காத்திருப்பைத் தவிர்த்தேன்.' ஒரு பொய்யும் சேர்க்கவில்லை. நான்கு கேள்விதான் கேட்டேன். இந்த நான்கு கேள்விகளையும் உங்கள் ரெஸ்யூமேயின் ஒவ்வொரு வரிக்கும் நீங்களே கேட்டுப் பாருங்கள். பதில் இல்லாத வரியை எடுத்துவிடுங்கள்.

அடுத்தது வடிவம். பல நிறுவனங்களில் உங்கள் கோப்பு முதலில் ஒரு மென்பொருளுக்குள் போகும். அது எழுத்துகளைப் பிரித்தெடுத்துக் கட்டங்களில் நிரப்பும். இரண்டு பத்தி அமைப்பு, அட்டவணை, படத்துக்குள் எழுத்து, ஐந்து நட்சத்திரத்துக்கு நான்கு என்று திறனைக் காட்டும் அலங்காரம் எல்லாம் அங்கே குழம்பிப்போகலாம். சோதிக்க ஒரு வழி உண்டு: பி.டி.எஃப். கோப்பில் உள்ளதையெல்லாம் நகலெடுத்து ஒரு வெறும் உரைக் கோப்பில் ஒட்டிப் பாருங்கள். அங்கே வரிசை மாறி, வார்த்தை உடைந்து கிடந்தால் மென்பொருளுக்கும் அப்படித்தான் தெரிய வாய்ப்பு அதிகம்.

வேலை விவரத்தில் அவர்கள் பயன்படுத்தும் சொல்லையே நீங்களும் பயன்படுத்துங்கள், உண்மையாக இருக்கும் பட்சத்தில். கோப்புக்கு உங்கள் பெயரை வையுங்கள். 'ஃபைனல்_புதுசு_2' என்ற பெயரில் வந்த ரெஸ்யூமேக்கள் எத்தனை என்று எண்ணி முடியாது.

படி 4: இன்டர்ன்ஷிப் தேடல்

இங்கேதான் நேரம் செலவழிக்க வேண்டும்.

முதலில் காலக்கணக்கு. பெரிய நிறுவனங்கள் இன்டர்ன்ஷிப் தொடங்குவதற்குப் பல மாதங்கள் முன்பே ஆட்களை முடிவு செய்துவிடும். நிதி, ஆலோசனை நிறுவனங்களில் சில ஓராண்டுக்கு மேலேயே முந்திக்கொள்ளும். சிறு நிறுவனங்கள், தொண்டு அமைப்புகள், ஆய்வகங்கள் வேலைக்குச் சில வாரங்கள் முன்புதான் யோசிக்கவே ஆரம்பிக்கும். ஆகவே 'பெரிய இடம் எல்லாம் முடிந்துவிட்டது' என்று தெரிந்த நாள் தேடலை நிறுத்தும் நாள் இல்லை. இரண்டாம் வரிசை அப்போதுதான் திறக்கிறது. கடந்த ஆண்டு எந்த மாதத்தில் எந்த நிறுவனங்கள் வந்தன என்று மையத்தில் கேளுங்கள். அந்தப் பழைய பட்டியலைக் கேட்டு வாங்கிப் பார்ப்பவர் நூற்றில் ஒருவர்கூட இருக்கமாட்டார், ஆனால் பெரும்பாலும் கேட்டால் காட்டுவார்கள்.

போர்ட்டலில் வருவதற்கு விண்ணப்பியுங்கள், சரி. அது எல்லோருக்கும் தெரிந்த வழி என்பதால் கூட்டமும் அங்கேதான். கூட்டமில்லாத வழி முன்னாள் மாணவர்கள்.

1973-இல் சமூகவியலாளர் மார்க் கிரனோவெட்டர் ஒரு கட்டுரை வெளியிட்டார். தெரிந்தவர் மூலம் வேலை கிடைத்தவர்களிடம், அந்தச் சமயத்தில் அந்தத் தெரிந்தவரை எவ்வளவு அடிக்கடி பார்த்துக்கொண்டிருந்தீர்கள் என்று கேட்டிருந்தார். அடிக்கடி பார்த்தோம் என்றவர்கள் 16.7 சதவீதம்தான். எப்போதாவது என்றவர்கள் 55.6 சதவீதம், அரிதாக என்றவர்கள் 27.8 சதவீதம். நெருங்கிய நண்பருக்குத் தெரிந்தது ஏற்கெனவே உங்களுக்கும் தெரிந்திருக்கும். தூரத்துப் பழக்கத்திடமிருந்துதான் புதுச் செய்தி வரும் என்பது அவர் விளக்கம். பிறகு 2022-இல், லிங்க்டுஇன் பயனர்கள் சுமார் 2 கோடிப் பேரிடம் ஐந்து ஆண்டுகளில் நடந்த சோதனைகளை வைத்து ஓர் ஆய்வு வந்தது. வேலை மாற்றத்துக்கு ஓரளவு தூரமான உறவுகள்தான் அதிகம் உதவின. முகமே தெரியாத அளவுக்குத் தூரமானவை அவ்வளவாக உதவவில்லை. ஒரே பல்கலைக்கழகத்தில் ஐந்தாறு வருஷம் முன்பு படித்தவர் என்பது சரியாக இந்த 'ஓரளவு தூரம்'தான். அப்படிப்பட்டவர்களின் பட்டியல் இருக்கும் இடம் வேலைவாய்ப்பு மையம், அல்லது அதற்குப் பக்கத்தில் இருக்கும் முன்னாள் மாணவர் அலுவலகம்.

அவர்களிடம் வேலை கேட்காதீர்கள். அவர்களிடம் கொடுக்க வேலை இருக்காது, சங்கடப்பட்டுப் பதில் போடாமல் விட்டுவிடுவார்கள். வேலையைப் பற்றிக் கேளுங்கள். ஏறக்குறைய இப்படி எழுதலாம்:

'வணக்கம். நம் பல்கலைக்கழகத்தில் புள்ளியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். நீங்கள் இதே துறையில் படித்து இப்போது மருத்துவ ஆய்வுத் தரவுப் பணியில் இருப்பதை முன்னாள் மாணவர் பட்டியலில் பார்த்தேன். நான் இப்போது படிக்கும் பாடங்களில் எது அந்த வேலைக்கு உதவும் என்று தெரிந்துகொள்ள ஆசை. 20 நிமிடம் பேச முடியுமா? அடுத்த வாரம் செவ்வாய், வியாழன் மாலை எனக்கு வசதி. வேறு நேரம் என்றாலும் சரி.'

பத்துப் பேருக்கு அனுப்பினால் இரண்டு மூன்று பேர் பதில் சொன்னால் நல்லது. ஒரு வாரம் கழித்து ஒரே ஒரு நினைவூட்டல் அனுப்பலாம், அதற்கு மேல் வேண்டாம். பேசும்போது 20 நிமிடம் என்றால் 20 நிமிடத்தில் நீங்களே முடியுங்கள். 'ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை உங்கள் வேலை எப்படிப் போகும்?' என்பது நல்ல கேள்வி. 'புதிதாகச் சேருபவர்கள் எதில் தடுமாறுகிறார்கள்?' என்பது இன்னும் நல்ல கேள்வி. கடைசியில், 'நான் வேறு யாரிடம் பேசினால் நல்லது?' என்று கேளுங்கள். அடுத்த பெயர் அதிலிருந்து வரும். அப்புறம், அன்றே நன்றி சொல்லி ஒரு வரி. அவர் சொன்னதில் ஒன்றைச் செய்துவிட்டு ஒரு மாதம் கழித்து அதைச் சொல்லி இன்னொரு வரி. அந்த இரண்டாவது வரியை யாரும் எழுதுவதில்லை.

வேலைவாய்ப்புக் கண்காட்சிக்கு வருகிறவர்களோடும் இதே மாதிரி பேசலாம். எல்லா மேஜைக்கும் போய் ரெஸ்யூமே நீட்டுவதைவிட, நான்கு நிறுவனங்களைப் பற்றி முன்கூட்டியே படித்துக்கொண்டு அந்த நான்கு மேஜைக்கு மட்டும் போவது மேல். முதல் ஒரு மணி நேரத்திலேயே போய்விடுங்கள். மாலையில் அவர்கள் களைத்திருப்பார்கள், புன்னகை மட்டும்தான் கிடைக்கும்.

படி 5: ஒப்புக்கொள்ளும் முன் சரிபார்த்தல்

பதிவுக் கட்டணம், பயிற்சி வைப்புத்தொகை, சான்றிதழ் கட்டணம் என்று எந்தப் பெயரிலாவது உங்களிடம் பணம் கேட்டால் நிறுத்திவிடுங்கள். இன்டர்வியூ இல்லாமலே தேர்வாகிவிட்டீர்கள் என்பது, நிறுவனத்தின் பெயரில் இல்லாத பொது மின்னஞ்சலிலிருந்து ஆஃபர் லெட்டர், சேரும் முன்பே வங்கி விவரமும் அடையாள அட்டையும், 'இன்று மாலைக்குள் முடிவு சொல்லுங்கள்' என்ற அவசரம் ஆகியவையும் எச்சரிக்கை மணிகள். சந்தேகம் வந்தால் அந்தக் கடிதத்தை மையத்துக்கு அனுப்பிக் கேளுங்கள். நிறுவனத்தின் இணையதளத்தில் உள்ள பொது எண்ணை எடுத்து அவர்களே அழைத்து விசாரிப்பார்கள். இந்த வேலை அவர்களுக்குச் சலிப்பில்லை, மாறாக அடுத்த மாணவர்களை எச்சரிக்க உதவுகிறது.

உண்மையான இன்டர்ன்ஷிப்பிலும் கேட்டு எழுத்தில் வாங்க வேண்டியவை உண்டு: யார் மேற்பார்வையாளர், என்ன வேலை, வாரம் எத்தனை மணி நேரம், உதவித்தொகை எவ்வளவு, எந்தத் தேதியில் முடியும். பாடத்துக்கான கிரெடிட் வேண்டுமென்றால் நீங்கள், நிறுவனம், துறை என்று மூன்று தரப்பும் கையெழுத்திடும் ஒப்பந்தப் படிவம் பல இடங்களில் உண்டு. அது வேலை தொடங்கும் முன்பே முடிய வேண்டும். முடித்துவிட்டு வந்து 'கிரெடிட் கொடுங்கள்' என்றால் பெரும்பாலும் நடக்காது.

வெளிநாட்டில் படிப்பவர்கள் இங்கே இரட்டிப்புக் கவனமாக இருக்க வேண்டும். உதாரணமாக, அமெரிக்காவில் எஃப்-1 என்ற மாணவர் விசாவில் இருப்பவர் படிப்போடு சேர்ந்த இன்டர்ன்ஷிப்புக்கு சி.பி.டி. (பாடத்திட்டத்தின் பகுதியான வேலைப் பயிற்சி) அனுமதி வாங்கிய பிறகே முதல் நாள் வேலைக்குப் போகலாம். முழுநேர சி.பி.டி.யை 12 மாதமோ அதற்கு மேலோ பயன்படுத்திவிட்டால் அதே பட்டநிலைக்கான ஓ.பி.டி. (படித்த துறையில் தற்காலிகமாக வேலை செய்யும் அனுமதி) தகுதி போய்விடும். இது வேலைவாய்ப்பு மையம் தீர்மானிக்கும் விஷயம் இல்லை. சர்வதேச மாணவர் அலுவலகத்தில் கேட்டு எழுத்தில் பதில் வாங்குங்கள்.

படி 6: இன்டர்வியூவுக்கு முன் ஒரு மாதிரி இன்டர்வியூ

மாக் இன்டர்வியூவுக்கு வருபவர்கள் நன்றாகச் செய்தோமா என்று தெரிந்துகொள்ள வருகிறார்கள். மோசமாகச் செய்வதற்குத்தான் அது இருக்கிறது. உளற வேண்டியதை அங்கேயே உளறிவிடுங்கள். முடிந்தால் வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். முதல் இரண்டு நிமிடம் பார்க்கச் சகிக்காது, அதற்குப் பிறகு பயன் தெரியும்.

'ஒரு சிக்கலை எப்படிச் சமாளித்தீர்கள்?' வகைக் கேள்விகளுக்கு ஸ்டார் என்ற முறையைச் சொல்லித் தருவார்கள்: சூழல், பொறுப்பு, செயல், விளைவு. முறை நல்லதுதான். ஆனால் நம் ஆட்கள் கதை சொல்லிகள். சூழலை விவரிப்பதிலேயே மூன்று நிமிடம் போய்விடும். சூழலும் பொறுப்பும் சேர்ந்து இரண்டு மூன்று வாக்கியம், மீதியெல்லாம் நீங்கள் செய்ததும் அதன் விளைவும். 'நாங்கள் செய்தோம்' என்று மட்டும் சொன்னால் கேட்பவருக்கு உங்கள் பங்கு தெரியாது. ஐந்தாறு சம்பவங்களை முன்கூட்டியே எழுதி வைத்துக்கொண்டால் பெரும்பாலான கேள்விகளுக்கு அவற்றில் ஒன்று பொருந்தும்.

அந்த நிறுவனத்தில் இதற்கு முன் இன்டர்ன்ஷிப் செய்தவர் யாராவது இருக்கிறார்களா என்று மையத்தில் கேளுங்கள். அவரோடு பேசும் பத்து நிமிடம், இணையத்தில் தேடும் பத்து மணி நேரத்தைவிட மேல்.

படி 7: இன்டர்ன்ஷிப் நடக்கும்போது

முதல் வாரம் மேற்பார்வையாளரிடம் கேளுங்கள்: 'இது முடியும்போது நான் எதைச் செய்திருந்தால் உங்களுக்குத் திருப்தி?' பதிலை எழுதி வையுங்கள். பாதியில் ஒருமுறை அதை எடுத்துக் காட்டி, சரியாகப் போகிறதா என்று விசாரியுங்கள். கடைசி நாளில் குறை கேட்டு என்ன பயன், திருத்த நாள் இருக்காதே.

வெள்ளிக்கிழமைதோறும் அந்த வாரம் செய்ததை ஐந்து வரியில் குறியுங்கள், எண்களோடு. மூன்று மாதம் கழித்து ரெஸ்யூமே எழுதும்போது எதுவும் ஞாபகம் இருக்காது. ரகசியத் தரவுகளை மட்டும் அதில் எழுத வேண்டாம்.

சொன்ன வேலை ஒன்று, தரும் வேலை இன்னொன்று என்றாலோ, மரியாதைக் குறைவாக நடத்தினாலோ, பல்லைக் கடித்துக்கொண்டு முடித்துவிட்டு வந்து சொல்லாதீர்கள். இரண்டாவது வாரமே மையத்துக்குச் சொல்லுங்கள். நீங்கள் நேராகப் பேசினால் புகார். மையம் பேசினால் வழக்கமான விசாரிப்பு. பாதி விஷயங்கள் அந்த ஒரு அழைப்பிலேயே சரியாவதைப் பார்த்திருக்கிறேன்.

முடிந்ததும் திரும்பி வந்து மையத்தில் ஒரு பதினைந்து நிமிடம் உட்காருங்கள். என்ன செய்தீர்கள், யார் நன்றாகக் கற்றுக்கொடுத்தார்கள், எது சரியில்லை. படிவம் நிரப்புவது போதும் என்று தோன்றும். ஆனால் அந்த நிறுவனத்தைப் பற்றி உள்ளிருந்து பேசக்கூடிய ஒரே ஆள் அன்றைக்கு நீங்கள்தான், அந்தப் பேச்சைக் கேட்டவர் உங்களை மறக்கமாட்டார்.

படி 8: ஆஃபர் வந்த பிறகு

ஒன்று வந்துவிட்டது, ஆசைப்பட்ட இன்னொன்று இன்னும் முடிவாகவில்லை. வந்ததற்கு நன்றி சொல்லி, எழுத்தில் ஒரு தேதி வரை அவகாசம் கேளுங்கள். காரணத்தை நீட்டி முழக்க வேண்டியதில்லை. மற்ற நிறுவனத்துக்கும் எழுதி, இன்ன தேதிக்குள் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது என்று தெரிவியுங்கள். இரண்டு கடிதத்தையும் அனுப்பும் முன் ஆலோசகரிடம் காட்டுங்கள். அந்த நிறுவனம் பொதுவாக எத்தனை நாள் தரும், சம்பளத்தில் பேச இடம் உண்டா என்று அவருக்கு முந்தைய ஆண்டுகளிலிருந்து தெரியும்.

ஒப்புக்கொண்டபின் பின்வாங்குவது பற்றி: பல மையங்களில் அப்படிச் செய்தவருக்குப் போர்ட்டலை மூடிவிடுவார்கள். தவிர்க்கவே முடியாத காரணம் இருந்தால், நிறுவனத்துக்குச் சொல்லும் முன் மையத்துக்குச் சொல்லுங்கள். நிறுவனத்திடமிருந்து அவர்களுக்குச் செய்தி வருவதைவிட அது எவ்வளவோ நல்லது.

மையம் பலவீனமாக இருந்தால்

ஒரே ஒரு ஆள், பழைய கணினி, உங்கள் துறைக்கு நிறுவனமே வருவதில்லை. இப்படியும் மையங்கள் உண்டு, மறைக்க ஒன்றுமில்லை. வரலாறு, மொழி, அடிப்படை அறிவியல் படிப்பவர்களுக்குப் பெரிய பல்கலைக்கழகத்திலேயே இதுதான் நிலை. அங்கே முறையைத் திருப்பிப் போடுங்கள். நீங்களே பத்து நிறுவனங்களைத் தேடி, ஏன் அவை என்று ஒரு வரி எழுதி, பட்டியலை மையத்தில் கொடுங்கள்: 'இவர்களுக்குப் பல்கலைக்கழகத்தின் பெயரில் ஒரு கடிதம் எழுத முடியுமா?' வேலை குறைந்த நாளில் அவர் எழுதுவார். மாணவர் எழுதினால் திறக்காத கதவு பல்கலைக்கழக முகவரியிலிருந்து போகும் கடிதத்துக்குத் திறக்கும். அதோடு பேராசிரியர்களையும் விடாதீர்கள். ஆய்வக வேலை பல இடங்களில் அறிவிப்பே இல்லாமல் முடிவாகிறது.

மையம் எவ்வளவு பலமானது என்று எடைபோடும்போது விளம்பரத்தில் வரும் சதவீதத்தை அப்படியே நம்ப வேண்டாம். '95 சதவீதம் வேலை பெற்றனர்' என்றால், எத்தனை பேரில்? பட்டம் பெற்ற எல்லோரிலுமா, மையத்தில் பதிவு செய்தவர்களிலா, கணக்கெடுப்புக்குப் பதில் சொன்னவர்களிலா? மூன்றுக்கும் மூன்று வேறு விடைகள் வரும்.

பட்டம் வாங்கிய பிறகு

பல மையங்கள் படிப்பு முடிந்த பிறகும் சில காலம், சில இடங்களில் ஆயுள் முழுக்க, ஆலோசனைக்கு இடம் தருகின்றன. கேட்டு வைத்துக்கொள்ளுங்கள், முதல் வேலையை விட நினைக்கும்போது அது உதவும்.

சில மாதங்களில் மையத்திலிருந்து ஒரு அழைப்பு வரும்: இப்போது என்ன செய்கிறீர்கள்? அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் பட்டம் பெற்று ஆறு மாதம் வரையிலான நிலையைக் கேட்பது வழக்கம். வேலை கிடைக்கவில்லை என்றாலும் பதில் சொல்லுங்கள். அந்த அழைப்பிலேயே 'இன்னும் தேடுகிறேன்' என்று சொல்லி, அடுத்த வாரம் சந்திப்பு வாங்கி, இரண்டு மாதத்தில் சேர்ந்தவர்கள் உண்டு. அந்த அழைப்போடு வரும் படிவத்தின் கடைசியில், 'மாணவர்கள் உங்களைத் தொடர்புகொள்ளலாமா?' என்று ஒரு கட்டம் இருக்கும். அதை டிக் செய்தால் ஐந்தாறு வருஷம் கழித்து, 'நம் பல்கலைக்கழகத்தில் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன், 20 நிமிடம் பேச முடியுமா?' என்று உங்களுக்கு ஒரு கடிதம் வரும்.